மலையோர நீர்க்கால்வாய் வழியே குழு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச்சரிவைச் சுற்றி வளைந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, பள்ளத்தாக்கைத் தொட்டிப் பாலத்தில் கடந்து போகும் பழைய நீர்க்கால்வாயை ஒட்டி 8 முதல் 15 பேர் சேர்ந்து நடக்கத் திட்டமிடுபவர்களுக்கான பக்கம் இது. முதல்முறை வருபவரும், குழுவை அழைத்துப் போகிறவரும் கேட்கும் கேள்விகள் இதில் கலந்தே இருக்கின்றன.

கால்வாய்ப் பாதை சமதளமாகத்தானே போகும்? எளிதான நடை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மூச்சு வாங்காது என்ற அளவில் எளிது. தண்ணீர் தானாக ஓட மிகக் குறைந்த வாட்டமே, அதாவது சரிவே, போதும். பிரான்சின் நீம் நகருக்கு ரோமானியர்கள் கட்டிய கால்வாய் ஏறக்குறைய 50 கி.மீ. நீளம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசம் 13 மீட்டருக்கும் குறைவு, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 செ.மீ. இந்தச் சரிவைக் காலால் உணரவே முடியாது.

ஆனால் இந்த நடையின் கடினத்தைத் தீர்மானிப்பது ஏற்ற இறக்கம் அல்ல, பாதையின் அகலம். மலையைக் குடைந்து கால்வாய் வெட்டியவர்கள் தண்ணீருக்குத் தேவையான அகலத்தைத்தான் வெட்டினார்கள். நாம் நடப்பது பெரும்பாலும் கால்வாயின் வெளிக்கரையில். கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆள் மண்வெட்டியோடு நடந்து போகப் போதுமான இடம் அது. நல்ல இடத்தில் ஒரு மீட்டர், மோசமான இடத்தில் 30 அல்லது 40 செ.மீ. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த அகலத்தைச் சுற்றித்தான் வருகின்றன. தூரத்தையும் ஏற்றத்தையும் மட்டும் பார்த்து 'எளிது' என்று முத்திரை குத்தும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

கைப்பிடிக் கம்பி உள்ள, ஒரு மீட்டருக்கு மேல் அகலமான பாதை என்றால் 15 பேர் வரை. கம்பி இல்லாத குறுகலான பாதையில் 8 பேருக்கு மேல் வேண்டாம். அதில் ஒருவர் முன்னாலும், வழி தெரிந்த இன்னொருவர் கடைசியிலும். வரிசையாகத்தான் நடக்க முடியும் என்பதால் நடுவில் யாருக்கு என்ன ஆனாலும் முன்னால் இருப்பவர் பின்னால் வந்து பார்க்க வழியில்லை. 20 பேர் வந்துவிட்டால் இரண்டு குழுவாகப் பிரித்து 20 நிமிட இடைவெளியில் கிளப்புங்கள். 5 நிமிட இடைவெளி போதாது. முதல் குழு ஒரு சுரங்க வாயிலில் நின்றால் இரண்டாவது குழு வந்து முட்டிக்கொள்ளும்.

யாரை எந்த இடத்தில் நடக்க விடுவது?

பழக்கமில்லாதவரைப் பின்னால் விடுவதுதான் பலரும் செய்வது. அது தவறு. உயரத்துக்குப் பயப்படுபவர், முதல்முறை வருபவர், சற்று மெதுவாக நடப்பவர் ஆகியோர் வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் வர வேண்டும். அப்போதுதான் வேகம் அவர்களைப் பொறுத்து அமையும். கடைசியில் வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: முன்னால் இருப்பவர் ஒரு தடையைத் தாண்டிய பின் வேகமெடுப்பார், இடைவெளி விழும், அதை நிரப்பப் பின்னால் இருப்பவர் ஓடுவார். குறுகலான கரையில் ஓடக்கூடாத ஆள் ஓடுகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். தடையைத் தாண்டியதும் முதல் ஆள் மற்றவர்கள் வந்து நிற்க இடம் விட்டு நடந்து நின்று, கடைசி ஆள் 'வந்தாச்சு' என்று குரல் கொடுத்த பிறகே தொடர வேண்டும்.

ஆளுக்கு ஆள் 2 மீட்டர் இடைவெளி. பின்னால் வருபவரின் பார்வை முன்னால் போகிறவரின் முதுகில் நிலைத்துவிட்டால் தன் கால் எங்கே வைக்கிறோம் என்பது தெரியாமல் போகும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

சமதளச் சாலையில் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. நடப்பவர்கள் இங்கே குழுவாக 2 முதல் 2.5 கி.மீ. தான் நடப்பார்கள். அதோடு சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம், எதிரே வரும் ஒவ்வொரு பெரிய குழுவுக்கும் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

போர்ச்சுகலின் மதீரா தீவில் கால்வாய்களை 'லெவாடா' என்கிறார்கள். அங்கே பெயர்பெற்ற கால்டெய்ராவ் வெர்டே பாதை, போக மட்டும் சுமார் 6.5 கி.மீ. நான்கு சுரங்கங்கள். முடிவில் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. போக வர 13 கி.மீ. என்றதும் மூன்று மணி நேரம் என்று மனம் கணக்குப் போடும். மேலே சொன்ன முறையில் போட்டால் நடைக்கு ஐந்தரை மணி, சுரங்கங்களை இருமுறை கடக்க ஒரு மணி இருபது நிமிடம், சாப்பிட அரை மணி. ஆக ஏழு மணி நேரத்துக்கு மேல். பழகிய இருவர் இதை ஐந்து மணியில் முடிப்பார்கள். பத்துப் பேர் முடிக்க மாட்டார்கள்.

கால்வாய் நடை பெரும்பாலும் போன வழியே திரும்பும் நடை. எனவே புறப்படும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். வெளிச்சம் மங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் தொடக்கப் புள்ளிக்கு வந்து சேரும்படி அது இருக்கட்டும். பள்ளத்தாக்கில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைவது நாட்காட்டியில் உள்ள அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே நடந்துவிடும்.

என்ன காலணி?

நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரப்பர் அடிப்பாகம் உள்ளது. பெரிய பற்கள் உள்ள கனமான பூட்ஸ் சேற்றுக்கு நல்லது. ஆனால் கால்வாய்க் கரையில் காலுக்கு அடியில் இருப்பது ஈரமான கல்லும் காரையும், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பாசியும். பற்களின் நுனி மட்டும் தொடுவதால் அங்கே வழுக்கும். பச்சையாகத் தெரியும் பாசியை எல்லோரும் தவிர்க்கிறார்கள். ஆளை விழ வைப்பது கறுப்பாக, வெறும் ஈரம் போலத் தெரியும் படலம்தான். நிழலில் தண்ணீர் கசியும் இடங்களில் பாதத்தை முழுதாகப் பதித்து, அடியைச் சிறிதாக்கி நடங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

20 லிட்டர் கொள்ளளவுக்குள் அடங்கும் பை. அதன் அகலம் உங்கள் தோள் அகலத்தைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டில் தொங்கும் பாட்டில், குறுக்காகக் கட்டிய பாய், ஆடும் கேமரா எல்லாம் உள்ளே போக வேண்டும். உள்பக்கப் பாறை பையைத் தட்டினால் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். இந்த வகைப் பாதையில் ஆள் தவறி விழும் விதங்களில் இது முக்கியமான ஒன்று.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, மாற்றுக் காலுறை, தலையில் மாட்டும் விளக்கு, அதற்கு மாற்று பேட்டரி, விசில். சுரங்கத்துக்குள் வெளியைவிடக் குளிரும், மேலிருந்து சொட்டும். எனவே வெயில் நாளிலும் மழைச்சட்டை உதவும். குழுவுக்குப் பொதுவாக முதலுதவிப் பை, உடல் சூட்டைக் காக்கும் காப்புப் போர்வை ஒன்று, சுளுக்குக்குச் சுற்றும் நெகிழ்கட்டு இரண்டு. கைபேசி விளக்கை நம்பி யாரையும் சேர்க்காதீர்கள். ஒரு கை அதற்கே போய்விடும், தவறினால் நேரே தண்ணீரில் விழும்.

நடைக்கம்பு கொண்டுவரலாம், ஆனால் ஒன்று மட்டும். குறுகலான இடத்தில் வெளிப்பக்கக் கம்புக்கு ஊன்றத் தரை இருக்காது. புதரை தரை என்று நினைத்து ஊன்றினால் உடல் எடை முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். அகலம் குறையும் இடத்தில் கம்பை மடக்கிப் பைக்குள் வையுங்கள்.

எதிரே இன்னொரு குழு வந்தால்?

அகலமான இடம் எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அந்தக் குழு பின்வாங்கி நிற்க வேண்டும். ஏறுபவருக்கு வழி விடும் மலைப்பாதை வழக்கம் சமமான கரையில் பொருந்தாது. நிற்பவர்கள் எப்போதும் மலைப்பக்கம், பாறையைப் பார்த்து, முதுகுப்பை வெளியே நீளாதபடி அதைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு நிற்கட்டும். கால்வாய் உள்பக்கம் ஓடினால் ஒரு காலை அதன் உள்சுவர் மேல் வைத்து, கால்வாயின் மேல் அகட்டி நின்றால் ஒருவர் கடக்க இடம் கிடைக்கும்.

பாதுகாப்பான இடம் கிடைக்கும்வரை யாரும் யாரையும் கடக்கக் கூடாது என்பதை வழிகாட்டி உறுதியாகச் சொல்ல வேண்டும். 'பரவாயில்லை, நான் வெளிப்பக்கமாப் போய்க்கிறேன்' என்று சொல்லும் நல்ல மனதுக்காரர்தான் இங்கே அதிக ஆபத்தில் இருப்பவர்.

தடுமாறினால் எந்தப் பக்கம் சாய்வது?

தண்ணீர்ப் பக்கம். முழங்கால் ஆழக் கால்வாயில் விழுந்தால் நனைவீர்கள், சிராய்ப்பு வரும். மறுபக்கம் விழுவதோடு ஒப்பிட அது ஒன்றுமே இல்லை. இதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறும் நொடியில் உடல் ஆடை நனையாமல் இருக்கத்தான் பார்க்கும்.

இடுப்புக்கு மேல் ஆழமும் வேகமும் உள்ள பெரிய கால்வாய்க்கு இந்த விதி பொருந்தாது. செங்குத்தான, வழுவழுப்பான சுவரில் ஏற முடியாது. கீழே மதகோ சுரங்கமோ இருந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட கால்வாயில் கைப்பிடியோ அகலமான பாதையோ இல்லாத பகுதியைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுங்கள்.

சுரங்கத்தைக் கடப்பது எப்படி?

வாயிலில் எல்லோரும் வந்து சேரும்வரை நில்லுங்கள். விளக்குகளை எரியவிட்டு ஒருவரை ஒருவர் சரிபாருங்கள். உள்ளே எட்டிப் பார்த்து எதிர்முனையிலிருந்து வெளிச்சம் அசைகிறதா என்று கவனியுங்கள். அசைந்தால் அவர்கள் வெளியே வரட்டும். சுரங்கத்துக்குள் இரண்டு குழுக்கள் ஒன்றை ஒன்று கடக்க இடம் இருக்காது.

பழைய சுரங்கத்தின் கூரை ஒரே உயரத்தில் போகாது. கையால் உளி வைத்து வெட்டிய இடத்தில் பாறை எவ்வளவு விட்டுக்கொடுத்ததோ அவ்வளவுதான் உயரம். 1.8 மீட்டரில் தொடங்கி நடுவில் 1.5 மீட்டருக்கு இறங்கும். முன்னால் போகிறவர் கூரை தாழும் இடத்தில் 'தலை' என்றும், காலடியில் குழி இருந்தால் 'கால்' என்றும் சொல்ல, அது வரிசையில் ஆள் மாற்றி ஆள் கடைசிவரை போக வேண்டும். நெற்றி பிளப்பது பெரும்பாலும் உயரமானவருக்கு அல்ல. முதல் தாழ்வைத் தாண்டி நிமிர்ந்து, முடிந்துவிட்டது என்று நினைக்கும் யாருக்கும் அது நடக்கும். நீளமான சுரங்கம் என்றால் தலைக்கவசம் கொடுத்துவிடுங்கள்.

விளக்கின் ஒளி காலுக்கு மூன்றடி முன்னால் விழட்டும். பேசுவதற்காகப் பின்னால் திரும்பினால் பின்னால் வருபவரின் கண் கூசி, அடுத்த சில அடிகளுக்கு அவருக்கு எதுவும் தெரியாது. ஒரு கை சுவரைத் தொட்டபடி இருக்கட்டும்.

கிரேக்கத்தின் சாமோஸ் தீவில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூபாலினோஸ் என்ற பொறியாளர் மலையின் இரு பக்கத்திலிருந்தும் வெட்டி நடுவில் சேர்த்த சுரங்கம் இன்றும் இருக்கிறது, 1,036 மீட்டர். அங்கே சுரங்கத்தின் தரையை ஏறக்குறைய மட்டமாக வெட்டிவிட்டு, தண்ணீருக்கு வேண்டிய வாட்டத்தைத் தரையின் ஓரத்தில் தனியே ஆழமான பள்ளம் தோண்டி அதில் கொடுத்திருக்கிறார்கள். நடக்கும் தளத்துக்குப் பக்கத்திலேயே பல மீட்டர் ஆழப் பள்ளம். பழைய சுரங்கங்களில் இப்படி ஒரு அமைப்பு இருக்கக்கூடும் என்பதால் முன்பின் தெரியாத சுரங்கத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்கும் முன் ஒளியைக் கீழே அடித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தாக்கைக் கடக்கும் பாலத்தின் மேல் நடக்கலாமா?

நடப்பதற்கென்று பாதை அமைத்துத் திறந்து வைத்திருந்தால் மட்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பரளியாற்றின் மேலே 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப் பாலம் 115 அடி உயரம், 28 தூண்கள். அங்கே நடக்க இடமும் கைப்பிடியும் உண்டு. வேல்ஸ் நாட்டில் 1805இல் திறந்த பொன்ட்கசில்தே பாலத்தில் 38 மீட்டர் உயரத்தில் வார்ப்பிரும்புத் தொட்டியில் படகே போகிறது. நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு, மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டுமே.

பாலத்தில் குழுவாக நிற்பதுதான் சிக்கல். நடுவில் ஒருவர் நின்று படம் எடுத்தால் மொத்த வரிசையும் உயரத்தில் நின்றுவிடும். பயப்படும் ஆளுக்கு அசையாமல் நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. நான்கு நான்கு பேராகக் கடந்து, மறுகரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை இல்லாத பழைய கல் வளைவுகளின் மேல் ஏறவே கூடாது. உச்சியில் மூடு கற்கள் காரை உதிர்ந்து வெறுமனே உட்கார்ந்திருக்கும், மிதித்தால் நழுவும். ஒவ்வொரு மிதியும் மழைநீர் இறங்க ஒரு விரிசலைத் திறக்கிறது. அந்த வளைவு இரண்டாயிரம் ஆண்டு நின்றது மேலிருந்து நீர் இறங்காததால். அதை நாம் வந்து கெடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும். வரலாமா?

அகலமான கரை, கைப்பிடி உள்ள பாதையில் வரலாம். குறுகலான பாதைக்கு முன்னால் ஒரு சோதனை செய்துபாருங்கள்: முதல் அரை கி.மீ.க்குள் சற்றுத் திறந்த இடத்தில் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு நிமிடம் சாதாரணமாகப் பேச முடிகிறதா? குரல் இறுகினால், முழங்கால் பூட்டிக்கொண்டால் அங்கேயே திரும்புங்கள். கூட ஒருவர் திரும்பி வர வேண்டும். போகும்போது சமாளித்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாது. அதே இடங்களைக் களைத்துப்போன காலோடு மறுபடி கடந்தாக வேண்டும்.

நடுவழியில் பயம் பிடித்துவிட்டால் தவழ வேண்டாம். தவழும்போது எடை முன்னுக்குப் போகும், மறுபடி எழுந்து நிற்பது இன்னும் கடினம். கால்வாயின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டு, பார்வையை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் கரையின் மேல் வைத்து, மூச்சை வெளியே விடும்போது அடி எடுத்து வையுங்கள். ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். தண்ணீர் ஓட, கரை எதிர்த்திசையில் நகர்வது போலத் தோன்றித் தலை சுற்றும். துணைக்கு வருபவர் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்கட்டும். கையைப் பிடித்து இழுத்தால் இருவருக்கும் நிலை தவறும். பயிற்சி இல்லாமல் கயிறு கட்டிக்கொள்வதும் அப்படித்தான். ஒருவர் விழுந்தால் கட்டிய எல்லோரையும் இழுக்கும்.

மழை வந்தால் என்ன செய்வது?

மழை வந்த பிறகு முடிவெடுப்பது தாமதம். மலைச்சரிவில் வெட்டிய கால்வாய்க்கு மேலே இருக்கும் மலை முழுவதும் அந்தக் கால்வாயை நோக்கித்தான் வடியும். மண் ஊறிய பிறகு கற்கள் உருளத் தொடங்கும். முந்தைய இரண்டு நாட்கள் கனமழை என்றால் இன்று வானம் தெளிவாக இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

நடக்கும்போது தண்ணீரைக் கவனித்தால் அது முன்கூட்டியே சொல்லிவிடும். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமானால் மேலே எங்கோ சரிவு விழுந்திருக்கிறது அல்லது ஓடை பெருகியிருக்கிறது. சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மட்டம் உயர்கிறது. நேர்மாறாக, நீர் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனால் இன்னும் எச்சரிக்கை தேவை. முன்னால் கரை உடைந்து, நீர் பாதையை அரித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் வாலே மாநில மலைக் கால்வாய்களில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. கால்வாயில் ஒரு சிறு நீர்ச்சக்கரம். அது சுழலும்போது ஒரு மரச்சுத்தியல் பலகையில் இடைவிடாமல் தட்டும். காவல்காரர் தன் குடிலில் அந்த 'டொக் டொக்' சத்தத்தைக் கேட்டபடி வேலை செய்வார், தூங்குவார். சத்தம் நின்றால் எழுந்து ஓடுவார். தண்ணீர் எங்கோ தவறிவிட்டது என்று அர்த்தம். நடப்பவருக்கும் அதே காது வேண்டும்.

மிகுதி நீரை வெளியேற்றும் திறப்பான கலிங்கு வழியாக உபரிநீர் பாதையின் மேல் பாய்ந்தால், கணுக்கால் வரை என்றால் ஒவ்வொருவராகக் கடக்கலாம். முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள்.

வழி தவறிப்போக வாய்ப்பு உண்டா?

தண்ணீர் இருக்கும்வரை குறைவு. கிளை பிரியும் இடம், கைவிடப்பட்ட பழைய தடம், சுரங்கத்துக்குள் போகாமல் மேலே ஏறிச் சுற்றும் பாதை ஆகிய மூன்று இடங்களில்தான் தவறுவார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் ஜி.பி.எஸ். 30, 40 மீட்டர் தள்ளிக் காட்டும், அதை மட்டும் நம்ப முடியாது. அதற்குப் பதில் நிற்கும் இடத்தின் உயரத்தைக் காட்டும் உயரமானியைப் பாருங்கள். கால்வாயோடு இருக்கும்வரை உயரம் ஏறக்குறைய மாறாது. அரை கி.மீ. நடப்பதற்குள் 30 மீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தால் கால்வாயை விட்டுவிட்டீர்கள். காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் கருவி வானிலை மாறும்போது தானாகவே சில மீட்டர் நகரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நடுவில் யாருக்காவது அடிபட்டால்?

கால்வாய்ப் பாதைக்குக் குறுக்குவழி கிடையாது. முன்னால் அல்லது பின்னால், இரண்டே திசை. எனவே புறப்படும் முன்பே வரைபடத்தில் சாலையோ அகலமான பாதையோ கால்வாயைக் கடக்கும் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலிருந்து எத்தனை கி.மீ. என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அருகில் உள்ள வெளியேறும் இடம் எது என்பதுதான். தொடங்கிய இடம் எவ்வளவு தூரம் என்பது அதற்குப் பிறகு.

நடக்க முடியாதவரைக் குறுகலான கரையில் தூக்கிச் செல்ல முடியாது. தூக்குபவர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடமில்லை. அவரை மலைப்பக்கம் உட்கார வைத்து, காப்புப் போர்வை சுற்றி, ஒருவரைத் துணைக்கு விட்டு, இருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். விசில்: ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. மீட்புக்காரர்களிடம் 'கால்வாய்ப் பாதையில்' என்று மட்டும் சொன்னால் போதாது. கடைசியாகக் கடந்த சுரங்கம் எது, அதிலிருந்து எத்தனை நிமிட நடை, நீரோட்டத்தின் திசையிலா எதிர்த்திசையிலா என்று சொல்லுங்கள்.

குழந்தைகள், நாய்கள்?

பத்து வயதுக்கு மேல், சொன்னதும் நிற்கும் பிள்ளை என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் அகலமான பாதையில் அழைத்து வரலாம். தோளில் தூக்கி நடக்க வேண்டாம், சுரங்கக் கூரையும் கிளைகளும் பிள்ளையின் தலை உயரத்தில்தான் இருக்கும். நாயை விட்டுவிட்டு வாருங்கள். கயிற்றில் பிடித்தால் உங்களை இழுக்கும், அவிழ்த்துவிட்டால் எதிரே வருபவரின் காலுக்குள் நுழையும்.

கால்வாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது திறந்த நீர். மேலே மாடு இறங்கியிருக்கும், எலி செத்துக் கிடக்கும். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் உள்ள கீறல் வழியாகவே நுழையும் என்பதால் காலில் வெட்டுக்காயத்தோடு தண்ணீரில் இறங்கவும் கூடாது. அவசரத்துக்கு என்றால் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். நீங்கள் அந்தத் தண்ணீரில் என்ன விடுகிறீர்களோ அது கீழே ஒருவரின் வயலுக்கோ தொட்டிக்கோ போகிறது. குறுகலான பாதையில் ஒதுங்க இடம் கிடைக்காது, கிடைத்தாலும் அது கால்வாய்க்கு மேல்பக்கச் சரிவாக இருக்கும். புறப்படும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். பயன்படுத்திய காகிதத்தை மூடும் பையில் போட்டு எடுத்துவாருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டாம்.

மதகைத் திறந்து பார்க்கலாமா? கரையில் இறங்கி நடப்பதால் என்ன ஆகிவிடும்?

மதகில் கை வைக்காதீர்கள். பல கால்வாய்களில் இன்றும் முறை வைத்துத்தான் நீர் பாய்கிறது. இன்னாருக்கு இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை என்று தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு அது. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் இத்தகைய மரபுப் பாசன முறையை யுனெஸ்கோ 2023இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. விளையாட்டாக ஒரு பலகையைத் தூக்கினால் ஒருவரின் ஒரு வாரத் தண்ணீர் ஓடையில் போய்விடும்.

மண்கரையின் வெளிவிளிம்பில் மிதிப்பது இதைவிட மோசம். விளிம்பு உதிர்ந்தால் கரை மெலியும். மெலிந்த இடத்தில் கசிவு தொடங்கும். கசியும் நீர் மண்ணை நுண்ணிய அளவில் எடுத்துக்கொண்டே போய் உள்ளே ஒரு வழி உண்டாக்கும். ஒருநாள் அது உடைப்பெடுக்கும். கரையின் வெளிப்பக்கம் ஓரிடம் மட்டும் பசுமையாக, ஈரமாக இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கால்வாயைப் பராமரிப்பவர்களிடம் சொல்லுங்கள். குழுவாக நடப்பவர்கள் கால்வாய்க்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி இது. கல் எடுத்து நாமே அடைக்கப் போனால் கசிவு வேறிடத்தில் கிளம்பும்.

வழியில் என்னவெல்லாம் பார்க்கலாம்? எல்லா இடமும் ஒரே மாதிரி தெரிகிறதே?

நின்று பார்த்தால் ஒவ்வொரு நூறு மீட்டரும் வேறு. உட்சுவரில் நீர் தொட்ட உயரத்துக்கு ஒரு கோடு இருக்கும், இன்றைய நீர்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரோமானியக் கால்வாயில் சுவரின் உட்பக்கம் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு தெரிந்தால் அது சுண்ணாம்போடு ஓட்டுத்தூள் கலந்த காரை. நீர் புகாமல் இருக்கப் பூசியது. அதன்மேல் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும் வெள்ளைப் பாறை, நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு. நீம் கால்வாயில் இது சில இடங்களில் 40 செ.மீ.க்கும் மேல் தடித்து, நீர் போகும் வழியையே குறுக்கிவிட்டது. அதில் ஒரு சில்லைக்கூடப் பெயர்த்து எடுக்காதீர்கள். அந்தக் கால்வாய் எத்தனை காலம் ஓடியது, எப்போது பராமரிப்புக் குறைந்தது என்பதை ஆய்வாளர்கள் படிப்பது அந்த அடுக்குகளில்தான்.

பாலச் சுவரில் வரிசையாகச் சதுரத் துளைகளோ துருத்திய கற்களோ தெரிந்தால் அவை கட்டும்போது சாரம் தாங்கியவை. நிலத்தடியில் போகும் பகுதிக்கு மேலே குறிப்பிட்ட இடைவெளியில் வட்டக் கிணறு போன்ற வாய்கள் இருக்கும். உள்ளே இறங்கித் தூர் வாருவதற்கு வைத்தவை. மூடி இல்லாத வாயை இலைகள் மறைத்திருக்கும், பாதையை விட்டு விலகாதீர்கள். நீர் திடீரென்று விரிந்து மெதுவாகும் தொட்டி வந்தால் அது மணல் படிய வைத்த இடம். அங்கே கரை அகலம், சாப்பிட உட்காரவும் அதுவே நல்ல இடம். பெரும்பாலும் கலிங்கு அதன் பக்கத்தில்தான் இருக்கும், அதன் வாய்க்கு நேரே உட்கார வேண்டாம்.

படம் எடுக்கும்போது ஒரே விதி: நில், பிறகு எடு. பின்னோக்கி ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

புறப்படும் முன் குழுவுக்கு என்ன சொல்ல வேண்டும்?

ஐந்து நிமிடம் போதும், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று கேட்க வேண்டும். வரிசையில் யாருக்குப் பின் யார், 2 மீட்டர் இடைவெளி, தடுமாறினால் எந்தப் பக்கம், 'தலை', 'கால்', 'நில்' என்ற மூன்று குரல்கள், திரும்பும் நேரம். பிறகு விளக்கை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரியாதவர் சுரங்கம் உள்ள பாதையில் அன்றைக்கு வர முடியாது. வாகனம் நிறுத்திய இடத்தில் குழுவின் எண்ணிக்கையையும் திரும்பி வந்து சேரும் நேரத்தையும் நடைக்கு வராத ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அவருக்கு முதல் செய்தி போக வேண்டும், இல்லாவிட்டால் தேடிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள்.